புள்ளிக் கணக்கு சொல்லாதது: கல்லூரிக் கூடைப்பந்தில் கார்டாக (guard) ஆடும் ஒருவர் என்.பி.ஏ.வுக்குத் தயாராவது எப்படி?

2009 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் என்.பி.ஏ. ட்ராஃப்ட் நடந்தது. என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். அதன் அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் ட்ராஃப்ட். அந்தப் பருவத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் சராசரியாக அதிகப் புள்ளி எடுத்தவர் ஸ்டெஃபன் கர்ரி. ஆட்டத்துக்கு 28.6. அப்படிப்பட்டவரின் பெயர் ஏழாவதாகத்தான் வாசிக்கப்பட்டது. அவருக்கு முன்னால் ஐந்தாவது, ஆறாவது இடங்கள் இரண்டும் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் கையில் இருந்தன. இரண்டிலும் அவர்கள் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டுகளையே எடுத்தார்கள்: ரிக்கி ரூபியோ, ஜானி ஃப்ளின். அடுத்து கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கர்ரியை எடுத்தது.

இன்றைக்கு அதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். நான்கு சாம்பியன் பட்டம், இரண்டு முறை பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது எல்லாம் பிறகு வந்தவை. ஆனால் அன்றைய தயக்கம் வெறும் முட்டாள்தனம் இல்லை. கல்லூரியில் புள்ளி குவிப்பதும் தொழில்முறை ஆட்டத்துக்குப் பக்குவமாவதும் வேறு வேறு என்பது அந்த அணிகளுக்குத் தெரியும். அந்தப் பக்குவத்தை எதை வைத்து அளப்பது என்பதில்தான் அவர்கள் தடுமாறினார்கள். இந்தக் கட்டுரை அந்த அளவுகோலைப் பற்றியது. கூடைப்பந்து அதிகம் பார்த்திராதவர்களுக்கும் புரியும்படி, பெரும்பாலும் கர்ரியின் கல்லூரி ஆண்டுகளை வைத்தே சொல்கிறேன்.

கார்டு யார், ட்ராஃப்ட் எது

களத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். உயரமானவர்கள் கூடைக்கு அருகில் வேலை பார்ப்பார்கள். பந்தை மேலே கொண்டுவருவது, ஆட்டத்தை நகர்த்துவது, தூரத்திலிருந்து எறிவது எல்லாம் கார்டுகளின் பொறுப்பு. யாருக்கு எப்போது பந்து போக வேண்டும் என்று முடிவெடுப்பவர் பாயிண்ட் கார்டு. பந்தில்லாமல் ஓடி, இடம் பிடித்து, கைக்கு வந்ததும் எறிபவர் ஷூட்டிங் கார்டு. இன்றைய ஆட்டத்தில் இந்தப் பிரிவு மங்கிவிட்டது என்றாலும் ட்ராஃப்ட் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. காரணம் எளியது. ஆறடி இரண்டு அங்குலம் உள்ள ஒருவர் ஷூட்டிங் கார்டாக மட்டும் ஆடினால், எதிரணியில் தன்னைவிட நான்கைந்து அங்குலம் உயர்ந்தவரை மறிக்க வேண்டிவரும். ஆகவே குள்ளமான ஷூட்டர் வந்தாலே ஸ்கவுட்கள் (அணிகளுக்காக ஆட்டக்காரர்களை எடைபோடுபவர்கள்) கேட்கும் முதல் கேள்வி: இந்தப் பையனால் பாயிண்ட் ஆட முடியுமா?

இனி ட்ராஃப்ட். ஐ.பி.எல். ஏலத்தில் பணம் பேசும், யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்கு ஆட்டக்காரர். இங்கே பேசுவது வரிசை. 30 அணிகள், இரண்டு சுற்று, மொத்தம் அறுபது வாய்ப்பு. முந்தைய பருவத்தில் ப்ளே-ஆஃப் போகாத 14 அணிகள், முன்வரிசையைத் தீர்மானிக்கும் குலுக்கலான லாட்டரியில் பங்கேற்கும். மோசமாக ஆடிய அணிக்கு முன்னிடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். முதல் சுற்றில் எடுக்கப்படுபவரின் சம்பளம் வரிசை எண்ணை ஒட்டி ஏற்கெனவே வகுக்கப்பட்டது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உத்தரவாதம் உண்டு, மூன்றாவதும் நான்காவதும் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் எடுக்கப்படுபவருக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. பேசி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே கல்லூரிப் பையன்கள் "இந்த வருஷம் போகலாமா, இன்னொரு வருஷம் இருக்கலாமா" என்று இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள்.

வயது விதி ஒன்றும் உண்டு. 2005-இல் போட்ட ஒப்பந்தப்படி, ட்ராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிரம்ப வேண்டும். அமெரிக்க மாணவராக இருந்தால் பள்ளி முடித்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும். அதனால்தான் பல நட்சத்திரங்கள் கல்லூரியில் ஒரே ஓராண்டு தலைகாட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

பதின்மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தவர்

கர்ரியின் அப்பா டெல் கர்ரி என்.பி.ஏ.வில் 16 பருவங்கள் ஆடியவர், பேர்பெற்ற ஷூட்டர். ஆனாலும் பெரிய கல்லூரிகள் மகனை எட்டிப் பார்க்கவில்லை. மெலிந்த உடம்பு, குறைந்த உயரம். அப்பா ஆடிய வர்ஜீனியா டெக்கூட உதவித்தொகை தர முன்வரவில்லை. போதாக்குறைக்குப் பந்தை இடுப்பருகிலிருந்து தூக்கி எறியும் பழக்கம் வேறு. பள்ளிப் பருவத்திலேயே ஒரு கோடை முழுவதும் அப்பா அதை மாற்ற வைத்தார். பந்து தலைக்கு மேலிருந்து கிளம்ப வேண்டும், அப்போதுதான் உயரமானவர் தட்டிவிட முடியாது. பழகிய கையை மாற்றுவது லேசான காரியமில்லை. அந்தக் கோடையில் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகூட அவரால் ஒழுங்காக எறிய முடியவில்லை என்பார்கள்.

கடைசியில் வடக்கு கரோலினாவில் இருக்கும் டேவிட்சன் என்ற சிறிய கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே பயிற்சியாளர் பாப் மெக்கிலப். 2006-இல் ஈஸ்டர்ன் மிச்சிகனுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கர்ரி 13 முறை பந்தை எதிரணியிடம் இழந்தார். இதை டர்ன்ஓவர் என்பார்கள். ஒரு முழு அணியே ஓர் ஆட்டத்தில் 13 இழந்தால் கோச் முகம் சுளிப்பார். மெக்கிலப் அவரை உட்கார வைக்கவில்லை. அடுத்த ஆட்டம் மிச்சிகனுக்கு எதிராக. அதில் 32 புள்ளி.

வளர்ச்சி என்று பேசும்போது இந்த இரண்டு நாள்களைத்தான் நான் முதலில் சொல்வேன். பெரிய கல்லூரியில் முதல் நாள் 13 டர்ன்ஓவர் போட்டவர் ஜனவரி வரை பெஞ்சில் இருந்திருப்பார். இளம் கார்டுக்குத் தேவை, தவறு செய்யவும் தொடர்ந்து ஆடவும் அனுமதி. சின்னக் கல்லூரிகள் அதைத் தாராளமாகத் தரும். வெபர் ஸ்டேட்டில் நான்கு பருவம் ஆடி 2012-இல் ஆறாவதாக எடுக்கப்பட்ட டேமியன் லில்லர்டும், மர்ரே ஸ்டேட்டிலிருந்து 2019-இல் இரண்டாவதாகப் போன ஜா மோரன்ட்டும் அப்படி வந்தவர்கள்தான். இதற்கு எதிர்வாதமும் உண்டு. சின்னக் கல்லூரியின் எதிரணிகளும் சின்னவை. அங்கே குவித்த புள்ளியை எப்படி நம்புவது?

அந்தச் சந்தேகத்துக்குக் கர்ரி பதில் சொன்னது 2008 மார்ச்சில், கல்லூரி அணிகளின் தேசியச் சாம்பியன் பட்டத்துக்கான என்.சி.ஏ.ஏ. போட்டியில். கொன்சாகாவுக்கு எதிராக 40 புள்ளி, ஜார்ஜ்டவுனுக்கு எதிராக 30, விஸ்கான்சினுக்கு எதிராக 33. மூன்றும் பெயர்போன அணிகள், மூன்றும் தோற்றன. காலிறுதியில் கான்சாஸிடம் 59-57 என்று டேவிட்சன் தோற்றது. அந்தக் கான்சாஸ்தான் அந்த ஆண்டுச் சாம்பியன். அந்தப் பருவத்தில் கர்ரி தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்ட 162 மூன்று புள்ளி எறிதல்கள், ஒரே பருவத்துக்கான அன்றைய கல்லூரிச் சாதனை.

அப்போதே ட்ராஃப்டுக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. என்.பி.ஏ.வில் தான் பாயிண்ட் கார்டாகத்தான் ஆட வேண்டியிருக்கும், அதைக் கற்றுக்கொள்ள இன்னோர் ஆண்டு வேண்டும் என்று திரும்பி வந்தார்.

எண்கள் சரிந்த ஆண்டு

அதுவரை டேவிட்சனின் பாயிண்ட் கார்டு ஜேசன் ரிச்சர்ட்ஸ். 2007-08-இல் நாட்டிலேயே அதிக அசிஸ்ட் கொடுத்தவர் அவர்தான், ஆட்டத்துக்கு 8.1. அசிஸ்ட் என்பது கூட ஆடுபவர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ். ரிச்சர்ட்ஸ் பந்தைக் கொண்டுவருவார், கர்ரி ஓடி ஓடி இடம் பிடித்து எறிவார். ரிச்சர்ட்ஸ் படிப்பை முடித்துக் கிளம்பியதும் இரண்டு வேலையும் கர்ரி தலையில் விழுந்தது.

விளைவு இதுதான். மூன்று புள்ளி எறிதல்கள் கூடைக்குள் விழுந்த விகிதம் 43.9 சதவீதத்திலிருந்து 38.7 ஆனது. டர்ன்ஓவர் ஆட்டத்துக்கு 2.6-இலிருந்து 3.7 ஆக ஏறியது. முந்தைய ஆண்டு நாடே பேசிய அணி, இந்த முறை என்.சி.ஏ.ஏ. போட்டிக்கே தேர்வாகவில்லை. வெறும் அட்டவணையைப் பார்ப்பவர் "பையன் கீழே இறங்கிவிட்டான்" என்றுதான் சொல்வார்.

என் கணிப்பில் அவர் தயாரானது அந்த ஆண்டில்தான். அசிஸ்ட் 2.9-இலிருந்து 5.6 ஆனதைப் பாருங்கள். எறிதல் விகிதம் குறைந்ததற்கும் விளக்கம் இருக்கிறது. முன்பு ரிச்சர்ட்ஸ் கொடுத்த பந்தை வாங்கி எறிந்தவர், இப்போது தானே ட்ரிபிள் செய்து (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்ந்து), தானே இடைவெளி உண்டாக்கி, களைத்த காலோடு எறிகிறார். போதாததற்கு அந்தப் பருவத்தில்தான் கல்லூரியின் மூன்று புள்ளிக் கோட்டை 19 அடி 9 அங்குலத்திலிருந்து ஓரடி பின்னால் தள்ளினார்கள். எதிரணிகள் அனைத்தும் அவர் ஒருவரைக் கட்டுப்படுத்தத்தான் திட்டம் போட்டு வந்தன. எண் குறைவது ஒரு சங்கதி, எந்த வேலையைச் செய்யும்போது குறைந்தது என்பது இன்னொரு சங்கதி. நல்ல ஸ்கவுட் இரண்டாவதைத்தான் எழுதி வைப்பார்.

2008 நவம்பரில் லயோலா மேரிலாண்ட் அணி ஒரு வேடிக்கை செய்தது. ஆட்டம் முழுக்க இரண்டு பேர் கர்ரியை விட்டு நகரவே இல்லை, பந்து அவரிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கர்ரி என்ன செய்தார்? மூலையில் போய் நின்றுகொண்டார். இரண்டு பேர் அவரோடு அங்கேயே நிற்க, மிச்சக் களத்தில் நான்கு பேருக்கு எதிராக மூன்று பேர். டேவிட்சன் 78-48 என்று வென்றது. கர்ரியின் புள்ளி: பூஜ்யம். நாட்டிலேயே அதிகம் புள்ளி எடுப்பவர் ஒன்றுமே எடுக்காமல் ஆட்டத்தை வென்று கொடுத்த நாள் அது. ஒரு கார்டின் பக்குவத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

நான்கு கேள்வி, நான்கு பதில்

என்.பி.ஏ. அணிகள் கார்டிடம் தேடுவதைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஆட்டமுறையைத் தெரிந்துகொண்டால் போதும்: பிக் அண்ட் ரோல். கார்டிடம் பந்து இருக்கிறது. உயரமான சக ஆட்டக்காரர் ஒருவர் வந்து, கார்டை மறிப்பவரின் வழியில் அசையாமல் நிற்பார். இதுதான் ஸ்க்ரீன். கார்டு அவரை உரசிக்கொண்டு சுற்றி வருவார். நின்றவர் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுவார். அந்த நொடியில் எதிரணியின் இரண்டு பேர் சேர்ந்து ஒரு முடிவெடுத்தாக வேண்டும்.

மறிப்பவர் ஸ்க்ரீனுக்குப் பின்புறமாகக் குறுக்கு வழியில் போனால், கார்டு அங்கேயே நின்று எறிந்துவிட வேண்டும். எறியத் தெரியாத கார்டை எல்லா அணிகளும் இப்படித்தான் நடத்தும். எதிரணியின் உயரமானவர் கூடையருகே பின்வாங்கி நின்றால் நடுவில் ஒரு வெற்றிடம் கிடைக்கும். அங்கே நிதானமாக நுழைந்து எறியவோ, உள்ளே ஓடுபவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கவோ தெரிய வேண்டும். இருவரும் ஆளை மாற்றிக்கொண்டால் மெதுவான ஒரு நெட்டை ஆள் கார்டின் முன்னால் நிற்பார், அவரை ட்ரிபிளில் தாண்ட வேண்டும். இருவரும் கார்டின் மேலேயே பாய்ந்தால், பந்தை அரை நொடியில் விட்டுவிட வேண்டும். நான்குக்கும் பதில் இருக்கிற கார்டு தயார். ஒன்றுக்கு இல்லை என்றால், மூன்றாவது ஆட்டத்துக்குள் எல்லா அணிகளும் அந்த ஒன்றையே செய்யத் தொடங்கிவிடும். கல்லூரியில் ஆண்டுக்கு முப்பத்துச் சொச்சம் ஆட்டங்கள், என்.பி.ஏ.வில் 82. ஒளிந்துகொள்ள இடமில்லை.

களமும் மாறுகிறது. கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், என்.பி.ஏ. 48. கல்லூரியில் எறிவதற்கு 30 நொடி (கர்ரி காலத்தில் 35), இங்கே 24. மூன்று புள்ளிக் கோடு இங்கே 23 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது, மூலைகளில் மட்டும் 22 அடி. ஆகவே கல்லூரியில் கோட்டை ஒட்டி நின்று போட்டவரா, இரண்டடி பின்னால் நின்றும் போட்டவரா என்று பார்ப்பார்கள். ஃப்ரீ த்ரோ விகிதத்தையும் பார்ப்பார்கள். யாரும் மறிக்காமல் தனியே நின்று எறிவதுதான் ஃப்ரீ த்ரோ. கை சுத்தமா என்பதை அது காட்டிக்கொடுக்கும். கர்ரி கல்லூரியில் மூன்று ஆண்டும் 85 சதவீதத்துக்கு மேல்.

உடம்பை அளக்க சிகாகோவில் கம்பைன் என்ற முகாம் நடக்கும். காலணி இல்லாத உயரம், விரித்த கைகளின் நீளம், நின்று எட்டும் உயரம், குதிக்கும் உயரம், பக்கவாட்டு வேகம். இங்கேதான் கர்ரி போன்றவர்களுக்கு அடி விழும். மெலிந்த உடம்பு, விரித்த கையும் உயரத்தைவிட அதிகம் நீளமில்லை. தடுப்பாட்டத்தில் எதிரணி இவரையே குறிவைக்கும் என்ற பயம் நியாயமானது, பின்னாளில் பெரிய தொடர்களில் குறிவைக்கவும் செய்தார்கள். கார்டுகளை எடைபோடும்போது தடுப்பாட்டம் கடைசியில் வரும் விஷயமாகத் தோன்றும். ஆனால் களத்திலிருந்து ஒரு கார்டை வெளியே அனுப்புவது பெரும்பாலும் அதுதான்.

ஜிம்மர் ஃப்ரெடெட் அதற்கு உதாரணம். பி.ஒய்.யூ. பல்கலைக்கழகத்தில் 2010-11 பருவத்தில் 28.9 சராசரியோடு நாட்டின் முதலிடம். கர்ரியைவிடக் கொஞ்சம் அதிகம். 2011-இல் பத்தாவதாக எடுக்கப்பட்டு சேக்ரமென்டோ கிங்ஸுக்குப் போனார். எறிதல் கூடவே வந்தது. வேகமான கார்டுகளை மறிக்கும் கால்கள் வரவில்லை. பந்து எந்நேரமும் கையில் இருந்து பழகியவருக்கு, பெஞ்சிலிருந்து பத்து நிமிடம் வந்து ஆடும் வேலையும் ஒட்டவில்லை. சில ஆண்டுகளில் சீன லீக்குக்குப் போய் அங்கே மீண்டும் புள்ளி மழை பொழிந்தார்.

நேர் எதிர்ப்பக்கம் ஜேலன் பிரன்ஸன். விலனோவா பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு, சராசரி 9.6, 14.7, 18.9 என்று படிப்படியாக ஏறியது. இரண்டு தேசியப் பட்டம். 2018-இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர். எடுக்கப்பட்டதோ 33-ஆவதாக, இரண்டாம் சுற்றில். குள்ளம், பெரிய குதிப்பு இல்லை, வயதும் 21 தாண்டிவிட்டது. ஆனால் கூட்டத்துக்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்று, திரும்பி, ஏமாற்றி எறியும் அந்தக் கால் நுட்பம் கம்பைனின் எந்தக் கருவியிலும் பதிவாகாது. 2023-24-இல் நியூயார்க் நிக்ஸுக்காக அவர் சராசரி 28.7. வயதைப் பற்றிய இந்தக் கணக்கு எனக்கு எப்போதுமே கொஞ்சம் எரிச்சலூட்டும். 19 வயதுப் பையனிடம் "வளர்வான்" என்று நம்பிக்கை வைப்பவர்கள், கண் முன்னால் மூன்று ஆண்டு வளர்ந்து காட்டியவரிடம் "இனி எங்கே வளரப்போகிறான்" என்கிறார்கள்.

மினசோட்டா எடுத்த ஃப்ளின்னுக்கும் ஒரு வார்த்தை. சிரக்யூஸ் பல்கலைக்கழக அணிக்காக 2009 மார்ச்சில், சமநிலையால் ஆறு ஓவர்டைம் (கூடுதல் நேரம்) போன ஆட்டத்தில் 70 நிமிடத்தில் 67 நிமிடம் களத்தில் இருந்தவர். முதல் என்.பி.ஏ. பருவத்தில் 13.5 சராசரி. பிறகு இடுப்பில் அறுவை சிகிச்சை, மூன்றே பருவத்தில் என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. கர்ரிக்கும் கணுக்கால் தொல்லை இருந்தது. 2011-12-இல் 26 ஆட்டம்தான் ஆட முடிந்தது. அவருக்குச் சரியாயிற்று.

போவதா, இருப்பதா

இப்போது கல்லூரி ஆட்டக்காரர் ட்ராஃப்டுக்குப் பெயர் கொடுத்து, கம்பைனில் கலந்து, அணிகள் என்ன நினைக்கின்றன என்று கேட்டறிந்து, குறித்த நாளுக்குள் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டு கல்லூரிக்கே போகலாம். புத்திசாலிகள் இதை இலவசப் பரிசோதனையாகப் பயன்படுத்துகிறார்கள். "எறிதல் சரி, இடக்கை பலவீனம், தடுப்பில் சோம்பல்" என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டு வந்தால் அடுத்த ஆண்டு எதில் உழைப்பது என்று தெளிவாகிவிடும்.

கணக்கைப் புரட்டிப் போட்டது பணம். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். வேறு கல்லூரிக்கு மாறுவதும் முன்பைவிட எளிது. முதல் சுற்றின் நடுவில் போகக்கூடியவருக்கு இன்னமும் என்.பி.ஏ.தான் லாபம். இரண்டாம் சுற்றில் விழக்கூடிய கார்டு முன்பெல்லாம் குடும்பத்துக்காக உத்தரவாதமில்லாத ஒப்பந்தத்தை நோக்கி ஓடினார். இன்றைக்கு அதைவிடக் கூடுதல் பணத்தைக் கல்லூரியிலேயே வாங்கிக்கொண்டு, பந்தும் கையில் இருக்க, இன்னோர் ஆண்டு பாயிண்ட் ஆடிப் பழகலாம். ஒரு வயது கூடிவிடும், அதற்காக ஸ்கவுட்கள் சில இடம் கீழே இறக்குவார்கள்.